ராங்கிக்கு இரண்டு கார்பரேட்டர்

ஜனவரி 12

தம்பிக்கு,

கடிதத்தைப் பிரித்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் கோபப்படு. ராங்கியின் மேல் கிடந்த தார்ப்பாயை நேற்று உருவிவிட்டேன்.

ஷெட் இருக்கும் இடத்தை அதன் சொந்தக்காரர் விற்றுவிட்டார். மே மாதம் முடிவதற்குள் காலி செய்ய வேண்டுமாம். "அந்தப் பழைய வண்டிய என்னம்மா பண்ணப்போறீங்க, லாரிய வரச்சொல்லட்டுமா?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. "அது லாரியில ஏறிப் போற வண்டி இல்லீங்க. தானா ஓடித்தான் வெளிய வரும்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது எனக்குப் புதிதா என்ன.

எட்டு வருஷத் தூசு. நாலு டயரும் தரையோடு ஒட்டிக் கிடக்கின்றன. ஓட்டுகிற சீட்டின் பஞ்சையெல்லாம் எலி இழுத்துக்கொண்டுபோய் ஹீட்டர் குழாய்க்குள் குடும்பம் நடத்தியிருக்கிறது. ஆனால் அந்த நீள மூக்கு அப்படியே இருக்கிறதடா. ஈரத்துணியால் ஒரு தேய் தேய்த்தேன், அடியில் இருந்து அந்த மஞ்சள் பளிச்சென்று வந்தது. நான் அங்கேயே பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். ஜப்பான்காரன் அவளைச் செய்தபோது நானும் நீயும் பிறக்கவே இல்லை, இன்றைக்கும் அவளுக்கு அந்தத் திமிர் குறையவில்லை. அம்மா சரியாகத்தான் பெயர் வைத்தாள்.

உன் அத்தான் பல் டாக்டர் புத்தியைக் காட்டாமல் இருப்பாரா? கிளினிக்கிலிருந்து வாய்க்குள் பார்க்கும் குட்டிக் கண்ணாடியைக் கொண்டுவந்தார். அதை ஸ்பார்க் பிளக் ஓட்டைகளுக்குள் விட்டு ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "ஆறுல ஒண்ணுகூட சொத்தை இல்ல" என்றார்.

எதற்கு எழுதுகிறேன் என்று உனக்கே தெரியும். பானெட்டைத் திறந்தால் என்ஜினுக்குப் பக்கவாட்டில் நீ துணி திணித்து அடைத்துவிட்டுப் போன ஓட்டைகள். கார்பரேட்டர் இரண்டும் உன்னிடம். பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கிற சாமான் இல்லாமல் அவள் எப்படி மூச்சு விடுவாள்?

பழசைக் கிளற வேண்டாம் என்றுதான் உட்கார்ந்தேன், முடியவில்லை. அந்த மலைப் பந்தயத்தில் நாம்தான் முன்னால். உச்சிக்கு இன்னும் நாலு வளைவு. ஓட்டியவள் நான், பக்கத்து சீட்டில் வரைபடத்தை மடியில் வைத்துக்கொண்டு வழி சொன்னவன் நீ. ஆயில் பிரஷர் முள் சைபருக்குப் போய்விட்டதென்று கையை நீட்டிச் சாவியைத் திருப்பி என்ஜினை அணைத்தாய். முள்தான் கெட்டிருக்கும் என்று தொண்டை கிழியச் சொன்னேன். நாம் ஓரத்தில் நிற்க, பின்னால் வந்த வண்டியெல்லாம் நம்மைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டு போயின. உனக்கு அக்காவைவிட என்ஜின் பெரிசு. அன்று சாயங்காலமே கார்பரேட்டர்களைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு ரயிலேறிவிட்டாய்.

அனுப்பு. போன் மட்டும் பண்ணாதே. போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் சண்டை வந்துவிடும்.

அக்கா

பி.கு: சாவி போடும் இடத்தை ஸ்டியரிங்குக்கு வலது பக்கம், கதவோரமாக மாற்றப்போகிறேன். பக்கத்து சீட்டில் எவன் உட்கார்ந்தாலும் இனி அவன் கை எட்டக் கூடாது.


ஜனவரி 23

அக்காவுக்கு,

கடிதம் வந்தது. கிழிக்கவில்லை.

கார்பரேட்டரை அனுப்புவதாக இல்லை. ஆனால் நீ அவசரக் குடுக்கை, அதற்குள் பேட்டரியை மாட்டி செல்ஃப் அடித்துப் பார்த்திருப்பாய். அடிக்காதே. ஆறு சிலிண்டரிலும் கொஞ்சம் கொஞ்சம் ஆயில் ஊற்றி ஊறவிடு. ஊறிய பிறகு ஸ்பேனரைப் போட்டுக் கையால் சுற்று. அசையவில்லை என்றால் விட்டுவிட்டு மறுநாள் வா. உன் ஆத்திரத்தை ஸ்பேனரில் காட்டினால் அது உடையும், இல்லை நீ உடைவாய். டேங்கில் இருப்பது இப்போது பெட்ரோல் இல்லை, பசை. டேங்கைக் கழற்றிக் கழுவாமல் ஒரு சொட்டும் உள்ளே விடாதே. பிரேக் ரப்பர் எல்லாவற்றையும் தூக்கிப் போடு.

கார்பரேட்டர் வேண்டுமென்றால் ஒரு நிபந்தனை. என்ஜினுக்கு அடியில் இருக்கும் ஆயில் சட்டியைக் கழற்று. ஆயில் போகாமல் என்ஜின் ஓடியிருந்தால் உள்ளே பேரிங்கில் தடம் இருக்கும். முள் பொய் சொன்னதா, நான் பொய் சொன்னேனா என்பது அங்கே எழுதியிருக்கும். அதைப் பார்த்துவிட்டு எழுது. அதற்குப் பயந்துதானே இத்தனை வருஷம் தார்ப்பாய் போட்டு மூடிவைத்தாய்.

சாவியை எங்கே வேண்டுமானாலும் மாற்றிக்கொள். நான் அந்த சீட்டில் உட்காரப்போவதில்லை.

தம்பி

பி.கு: ஹீட்டர் குழாய் எலியை அத்தானிடம் சொல்லி வெளியே விடச் சொல். விஷம் வைத்தால் உள்ளேயே செத்து நாறும்.


பிப்ரவரி 9

தம்பிக்கு,

அடேயப்பா, நிபந்தனையாம். திருடின சாமானுக்கு நிபந்தனை போடுகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன்.

ஆயில் சட்டியைக் கழற்ற மாட்டேன். கழற்ற வேண்டிய அவசியமும் இல்லை, ஏனென்றால் என்ஜின் சுற்றுகிறது. நீ சொன்னபடிதான் ஊறவைத்தேன், ஒத்துக்கொள்கிறேன். முதல் நாள் மலை மாதிரி நின்றாள். இரண்டாம் நாளும் அப்படியே. அதற்கப்புறம் ஒரு நாள் காலையில், என் டிரைவிங் கிளாஸில் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்த ஒரு அம்மாவை வாசலில் காக்க வைத்துவிட்டு, சும்மா ஒரு தடவை என்று ஸ்பேனரைப் போட்டேன். "க்ளுக்" என்று ஒரு சத்தம். கொஞ்சம் நகர்ந்தாள். இன்னும் கொஞ்சம். பிறகு வெண்ணெயாகச் சுற்றினாள். நான் கத்திய கத்தலில் அந்த அம்மா பாவம், எனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டதென்று ஓடிவந்தார். அவரையும் ஒரு சுற்று சுற்றவைத்தேன். கிளட்ச் மிதிக்கவே பயப்படுகிறவர், இப்போது தினமும் "அந்த என்ஜின் எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டுத்தான் வண்டியில் ஏறுகிறார்.

சந்தோஷம் தாங்காமல் உள்ளே ஏறி உட்கார்ந்தேனா, வலது கால் தரையைப் பொத்துக்கொண்டு வெளியே போய்விட்டது. விளையாட்டு இல்லை, செருப்பு மண்ணில் பட்டது. அவ்வளவு துரு. டிங்கர் வந்து பார்த்துவிட்டு, "தரை மட்டும்தாங்க போயிருக்கு, எலும்பெல்லாம் நல்லாருக்கு" என்றார். வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்துக்கொண்டிருக்கிறார். டேங்க் கழுவியாகிவிட்டது. பிரேக் வேலை பாதி.

எல்லாம் ஆகிவிடும். கார்பரேட்டர் மட்டும்தான் இல்லை. இருக்கிறது, ஆனால் இல்லை. என் தம்பி மாதிரியே.

அக்கா


பிப்ரவரி 20

அக்காவுக்கு,

பார்சலில் ஒரு கார்பரேட்டர் இருக்கிறது. முன்பக்கத்தது. இன்னொன்று ஆயில் சட்டி திறந்த பிறகுதான். ஒன்றை வைத்தால் மூன்று சிலிண்டர்தான் ஓடும். நொண்டி அடிக்கட்டும்.

பிரித்துப் பார். துரு ஒரு பொட்டு இருந்தால் என்னைக் கேள். வருஷத்துக்கு ஒரு தடவை இரண்டையும் கழற்றித் துடைத்து, ரப்பர் மாற்றி, எண்ணெய் தடவி, பழைய பனியனில் சுற்றி வைத்துக்கொண்டுதான் வந்தேன். ஏன் என்று கேட்காதே. எனக்கே தெரியாது.

டிங்கரிடம் சொல், தகட்டை வெல்டு வைப்பதற்கு முன்னால் மறுபக்கத்துக்கும் பெயிண்ட் அடிக்க வேண்டும். அப்புறம் அடிக்க வழியே கிடையாது. பேட்டரி உட்காரும் தட்டுக்குக் கீழே பார்த்தாரா? அங்கேதான் முதலில் அரிக்கும். பின் சக்கர வளைவுக்கு உள்ளே கையை விட்டுப் பார்க்கச் சொல். அந்தப் பழைய பல்பு ஹோல்டர்கள் பிளாஸ்டிக், இழுத்தால் தூளாகும், சுடுதண்ணீர்த் துணியைச் சுற்றிக் கழற்று. மீட்டர் முகப்பின் மேல்பலகை வெடித்திருக்கிறதா? எழுது. எல்லாவற்றையும் எழுது.

இங்கே கப்பல் பட்டறையில் ராங்கியைவிடப் பெரிய பிஸ்டன்களோடு தினமும் மாரடிக்கிறேன். ஒன்றுக்காவது அவள் சத்தம் வருமா.

தம்பி


மார்ச் 14

டேய்,

திறந்துவிட்டேன். முழுசாகப் படி, நடுவில் தாண்டாதே.

உன் கார்பரேட்டரைப் பனியனிலிருந்து எடுத்தபோதே எனக்கு மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. கண்ணாடி மாதிரி வைத்திருக்கிறாய். உன் அத்தான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இவ்ளோ பத்திரமா வெச்சிருக்கானே, கோவம் யார் மேலன்னு கேளு" என்றார். அவர் எப்போதாவதுதான் பேசுவார், பேசினால் இப்படித்தான் எங்கேயாவது குத்தும். சரி, நடப்பது நடக்கட்டும் என்று வண்டியைத் தூக்கிக் கட்டைமேல் நிறுத்தி, நானும் அவரும் அடியில் படுத்தோம்.

முதலில் முள். அதை வெளியே கழற்றி மெக்கானிக் கடையில் வேறொரு மீட்டரோடு சேர்த்துச் சோதித்தேன். துல்லியமாக இருக்கிறது. முள் பொய் சொல்லவில்லை. எழுதிவிட்டேன், போதுமா?

அடுத்தது பேரிங். நகத்தால் தடவினால் தெரிகிற அளவுக்கு மெல்லிசாக ஒரு கீறல், அவ்வளவுதான். மெக்கானிக் பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு வளைவு போயிருந்தீங்கன்னா முடிஞ்சிருக்கும்" என்றார்.

இரு, குதிக்காதே. இனிமேல்தான் கதையே. ஆயில் ஏன் ஏறவில்லை? ஆயிலை உறிஞ்சும் குழாயின் வாயில் ஒரு வலை இருக்கிறது அல்லவா, அதை அடைத்துக்கொண்டு ஒரு கட்டி. உன் அத்தான் பல் சுரண்டுகிற கொக்கியால் அதை நோகாமல் பெயர்த்து எடுத்து, கிளினிக் விளக்கில் வைத்துப் பார்த்தார். அடைப்புப் பசைதான். ஆயில் சட்டி ஒழுகாமல் இருக்க கேஸ்கட்டோடு தடவுவோமே, அது. ஆனால் இரண்டு நிறம். சாம்பல் நிறத்தில் ஒரு புழு, அதைச் சுற்றிச் சிவப்பில் ஒரு புழு.

சிவப்பு என்னுடையது. நான் எப்போதும் சிவப்புதான் வாங்குவேன். பந்தயத்துக்கு முந்தின வாரம் ஞாபகம் இருக்கிறதா? நீ காலையில் ஷெட்டுக்கு வருவாய், நான் கிளாஸ் முடித்து சாயங்காலம் வருவேன். ஆயில் சட்டி கழுவிக் காயவைத்துக் கிடந்தது. நான் என்ஜின் பக்கத்தில் தாராளமாகத் தடவி, சட்டியை எடுத்து மாட்டி முடுக்கினேன். சட்டியின் விளிம்பில் நீ ஏற்கெனவே தடவி வைத்திருந்ததை நான் பார்க்கவே இல்லை. சாம்பல் இரும்பின் மேல் சாம்பல் பசை, எப்படித் தெரியும்?

ஒரே குழம்புக்கு இரண்டு பேரும் தனித்தனியாக உப்புப் போட்டிருக்கிறோம். மிஞ்சினதெல்லாம் உள்ளே பிதுங்கி, உதிர்ந்து, வலையில் போய் உட்கார்ந்துகொண்டது. நீ அணைத்தது சரி. ஆனால் அணைக்க வேண்டி வந்ததற்கு நாம் இரண்டு பேருமே சரிபாதி. அடியில் படுத்துக்கொண்டே சிரித்தேன், ஆயில் வாய்க்குள் போய்விட்டது.

கட்டியைச் சின்ன டப்பாவில் போட்டு அனுப்பியிருக்கிறேன். உன் நிறமா என்று பார்த்துச் சொல். இன்னொரு கார்பரேட்டரை நீயே கொண்டுவா. இரண்டையும் சமமாக டியூன் பண்ண உன் காது வேண்டும். ரப்பர் குழாயைக் காதில் வைத்துச் சீறலைக் கேட்டே திருகுவாயே, அது இங்கே எவனுக்கும் வராது.

அக்கா


மார்ச் 25

அக்காவுக்கு,

சாம்பல் என்னுடையதுதான். பட்டறையில் சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைத் திறந்தேன். பக்கத்தில் இருந்தவன் "என்னடா அது, பல்லா?" என்று கேட்டான். எங்க குடும்பச் சொத்து என்றேன். அதற்கப்புறம் எனக்குச் சிரிப்பு வந்து, நிறுத்த முடியவில்லை, போர்மேன் வந்து பார்த்துவிட்டுப் போனார்.

இரண்டாவது கார்பரேட்டர் இந்தப் பார்சலில் இருக்கிறது. நான் வர முடியாது. ஒரு கப்பலைப் பிரித்துப் போட்டிருக்கிறோம், அது தண்ணீரில் இறங்கும்வரை யாருக்கும் லீவு கிடையாது. இது சாக்கு இல்லை.

ஒரு விஷயம் எழுத வேண்டும். நாலு தடவை எழுதிக் கசக்கிப் போட்டுவிட்டேன், இந்தத் தடவை அனுப்பிவிடுகிறேன்.

அன்று வண்டி நின்றதும் நீ இறங்கி வந்து கேட்ட முதல் கேள்வி, "உனக்கு என்ஜின்தான் பெரிசா?" என்பது. உன் முதல் கடிதத்திலும் அதையே எழுதியிருந்தாய். அக்கா, ஆயில் இல்லாமல் அந்த வேகத்தில் ஓடினால் பேரிங் பிடித்து என்ஜின் இறுகும். இறுகினால் பின் சக்கரம் இரண்டும் பூட்டிக்கொள்ளும். அடுத்த வளைவு என்ன வளைவு என்று உனக்குத் தெரியாது. வரைபடம் என் மடியில் இருந்தது. கீழே பள்ளம், தடுப்புச் சுவர் இல்லாத வளைவு. முள்ளைப் பார்த்தேன், படத்தைப் பார்த்தேன், உன்னைப் பார்த்தேன். நீ பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாய். கை தானாகப் போனது.

என்ஜினா எனக்குப் பெரிசு? அதை நீயே புரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்கு வீம்பு. கேட்டாயே என்ற கோபத்தில் சொல்லாமலே ரயிலேறினேன். இரண்டு கார்பரேட்டரையும் கொண்டுவந்தது, நீ தனியாக அவளை எடுத்துக்கொண்டு அந்த மலைக்குப் போய்விடக் கூடாது என்று. நீ போவாய். உன்னை எனக்குத் தெரியாதா.

தம்பி


ஏப்ரல் 18

தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்த அன்று ஷெட்டுக்குப் போகவில்லை. கிளாஸும் எடுக்கவில்லை. உன் அத்தானிடம் நீட்டினேன். படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எட்டு வருஷம் ஒரு கோப்பைக்காக உன்னைத் திட்டிக்கொண்டு இருந்திருக்கிறேன். அதைப் பற்றி நேரில் பேசிக்கொள்ளலாம், கடிதத்தில் எனக்கு வராது. வந்தால் இந்தத் தாள் நனைந்துவிடும்.

இப்போது நல்ல செய்தி. ராங்கி பேசிவிட்டாள்.

தரை புதுசு, பிரேக் புதுசு, டயர் புதுசு. இரண்டு கார்பரேட்டரையும் மாட்டி, புதுப் பெட்ரோல் ஊற்றி, செல்ஃப் அடித்தேன். ஒரு இருமல். இன்னொரு தடவை. புகைபோக்கிக்குள்ளும் எலி கட்டியிருந்த கூடு மொத்தமாகப் பறந்து டிங்கர் சட்டையில் போய் விழுந்தது. மூன்றாவது தடவை பிடித்துக்கொண்டாள் பார், ஷெட் தகரமெல்லாம் அதிர்ந்தது. ஆயில் முள் ஜம்மென்று எழுந்து நடுவில் நின்றது. நான் அந்த முள்ளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் டிரைவிங் கிளாஸ் அம்மா கை தட்டினார். டிங்கர் சட்டையை உதறக்கூட மறந்து நின்றார்.

ஆனால் ஓட்டம் சரியில்லை. நிற்கும்போது குலுங்குகிறாள், மிதித்தால் திணறுகிறாள். கார்பரேட்டர் இரண்டும் ஆளுக்கு ஒரு பக்கம் இழுக்கின்றன. ரப்பர் குழாயைக் காதில் வைத்துப் பார்த்தேன், எனக்கு இரண்டும் ஒரே சீறலாகத்தான் கேட்கிறது. மெக்கானிக் திருகியதில் இன்னும் மோசம். இப்படியே போனால் லாரியில்தான் ஏற்ற வேண்டியிருக்கும், அதை மட்டும் நான் பார்க்கத் தயாராக இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் உன் போன் அடிக்கும். எடு. நான் பேச மாட்டேன், நீயும் பேசாதே. நாம் பேசினால் என்ன ஆகும் என்று தெரியும் அல்லவா. கேள், அது போதும்.

அக்கா


ஏப்ரல் 27

அக்காவுக்கு,

பேச வேண்டாம் என்று எழுதியது நீ. போனை எடுத்ததும் "கேக்குதா, கேக்குதா?" என்று கத்தியதும் நீதான்.

பக்கத்து வீட்டுக்காரர் துணி காயப்போட வந்தவர், மொட்டைமாடியில் நான் ஒரு காதைப் பொத்திக்கொண்டு கண்ணை மூடி நிற்பதைப் பார்த்துவிட்டு நைசாக இறங்கிப் போய்விட்டார். முன் கார்பரேட்டரில் குழாயை வைத்து, மறுமுனையைப் போனில் பிடித்தாய். நீளமாக, கனமாக ஒரு சீறல். பின் கார்பரேட்டரில் வைத்தாய். அது மூக்கடைத்த மாதிரி கேட்டது. பார்க்காமலே தெரிந்துவிட்டது. "பின்னாடி. கால் சுத்து. வெளிய" என்றேன். நீ திருகினாய். "கொஞ்சம் அதிகம். திருப்பு." திருப்பினாய். என் வாழ்க்கையில் நான் சொன்னதை நீ இப்படி மறுபேச்சில்லாமல் கேட்டது இதுதான் முதல் தடவை.

அதற்கப்புறம் இரண்டு சீறலும் ஒன்றாகிவிட்டன. ஆறு சிலிண்டரும் ஒரே குரலில் பாட ஆரம்பித்ததும் நீ மெதுவாக மிதித்தாய் பார், அந்தச் சத்தம் ஏறி ஏறி வந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது, மறைக்கவில்லை. நீயும் மூக்கை உறிஞ்சினாய். புகை என்று சொல்லாதே, கேட்டது. நடுவில் அத்தான் வந்து "ராங்கிக்கு வலி போயிடுச்சு, வாய மூடச் சொல்லுங்க" என்று சொன்னதும்தான் இரண்டு பேரும் சிரித்துவிட்டு வைத்தோம். சண்டை வரவில்லை. கவனித்தாயா?

கப்பல் அடுத்த வாரம் இறங்குகிறது. லீவு கிடைத்துவிட்டது. மே கடைசி வாரம் வருகிறேன், ஷெட் கதவை நான் வரும்வரை திறக்காதே. பக்கத்து சீட்டில் உட்கார மாட்டேன் என்று எழுதியிருந்தேன். அந்த வரியை அடித்துவிடு.

சாவியைக் கதவோரம் மாற்றிவிட்டாயா? மாற்றியிருந்தாலும் பரவாயில்லை.

தம்பி


மே 9

தம்பிக்கு,

உன் சீட்டின் பெல்ட் புதுசு. பஞ்சும் புதுசு. ஷெட்டைப் பூட்டி வைத்திருக்கிறேன். இடத்துக்காரர் தினமும் வந்து "ஓடுமாம்மா?" என்கிறார். வந்து பாருங்கள் என்று சொல்லி நாளைக் குறித்துக் கொடுத்துவிட்டேன். டிங்கரும் வருகிறார், கிளாஸ் அம்மாவும் வருகிறார். அவர் போன வாரம் லைசென்ஸ் எடுத்துவிட்டார், அடுத்து ராங்கியைத்தான் ஓட்டுவேன் என்கிறார். என் பிணத்தைத் தாண்டித்தான் என்று சொல்லியிருக்கிறேன்.

ஷெட்டிலிருந்து நேரே வீட்டுக்குப் போகப்போவதில்லை. மலைக்குப் போகிறோம். பந்தயம் இல்லை, ஒன்றும் இல்லை, நாம் இரண்டு பேரும்தான். அந்த நாலு வளைவு இன்னும் பாக்கி இருக்கிறது. வரைபடத்தைத் தேடி எடுத்துக்கொண்டு வா, அது உன்னிடம்தான் இருக்கும். தூக்கிப் போடுகிற ஆளா நீ.

சாவியை மாற்றவில்லை, பழைய இடத்திலேயே இருக்கிறது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டது வேறு வேலைக்கு. உன் சீட்டுக்கு முன்னால், உன் வலது முழங்காலுக்கு மேலே, ஒரு சிவப்பு ஸ்விட்ச் வைத்திருக்கிறேன். தட்டினால் என்ஜின் அணைந்துவிடும். எலக்ட்ரீஷியன், "இது எதுக்கும்மா, ஓட்டறது நீங்கதானே?" என்று கேட்டார். வரைபடம் அவன் மடியிலதான் இருக்கு என்று சொன்னேன்.

எப்போது தட்ட வேண்டும் என்று தோன்றுகிறதோ அப்போது தட்டு. ஏன் என்று கேட்க மாட்டேன்.

அக்கா